நடுங்காத அம்புக்குறி

திரையில் ஒரு கை வந்தது. டம்ளரைப் பிடித்திருந்த கை, நகக்கண்ணில் மண். அவள் மவுஸை நகர்த்தி மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்தாள். கட்டைவிரலின் அடியில் ஒன்று, கணுவில் ஒன்று, நுனியில் ஒன்று. அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் நடுவிரல். சுண்டுவிரல் நுனியில் கடைசிப் புள்ளி விழுந்ததும் அந்தக் கை போய்விட்டது. அடுத்தது வந்தது. இது ஸ்குரூ முறுக்குகிற கை.

வந்து உட்கார்ந்ததிலிருந்து எழுந்து போகிற வரைக்கும் இதுதான் வேலை. எங்கேயோ ஒரு இயந்திரத்துக்குக் கை என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்கிறார்களாம். விரல் எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்பதெல்லாம் பாவம் அதற்குத் தெரியாதாம். அதற்காக இந்த ஹால் நிறைய ஆட்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, வருகிற கைக்கெல்லாம் கணுக்கணுவாகப் புள்ளி வைத்தார்கள். பேச்சுச் சத்தமே இருக்காது. மவுஸ் அமுக்குகிற சத்தம் மட்டும் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

பேசுகிற ஒரே ஆள் பக்கத்து சீட்டுக்காரி. அவளுக்கு வாயாடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"அக்கா, இந்தாள் விரலைப் பாருங்க. மோதிரம் மாட்டுறதுக்குன்னே வளர்த்து வெச்சிருக்கான். புள்ளி வெக்க இடமே இல்ல."

"மோதிரத்து மேலேயே வெச்சுட்டுப் போ."

"வெச்சா தப்புன்னு திருப்பி அனுப்பும். இவன் பணக்காரன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

அவள் சிரித்துக்கொண்டே வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் உதறினாள். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மறுபடியும் மரத்துப்போயிருந்தன. உதறினால் முதலில் எறும்பு ஊரும், பிறகு ஊசி குத்தும், பிறகுதான் விரல் தன்னுடையது என்றே தெரியும். ஆனால் ரொம்ப நேரம் உதற முடியாது. மவுஸ் அசையாமல் இருந்தால் திரை மங்கிப்போய், 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று அமுக்கவேண்டும். அடிக்கடி கேட்க வைத்தால் ஹாலைச் சுற்றி வருகிற லீடர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். திட்டமாட்டார். சும்மா நிற்பார்.

அவள் இடது கையால் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மவுஸ் மேல் எடுத்து வைத்தாள். எடுத்துத்தான் வைக்கவேண்டியிருந்தது.

மகள் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்குவதற்கு முன்னால் வீடு போய்ச் சேர முடிகிற வேலை அவளுக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே விடுகிற நேரம்தான் நேரம். ஒருநாள் லேட்டாகிவிட்டது. பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கப் பிடிக்காமல் குழந்தை தெருவுக்கு இறங்கி, கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பின்பக்கமாக வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். பிள்ளை திரும்பவே இல்லையாம். எதிர்வீட்டு ஆள்தான் பாய்ந்து தூக்கினாராம். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

அவர்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயரெல்லாம் கையில்தான். கண்ணுக்கு முன்னால் விரல்களைச் சிதறவிட்டால் அப்பா, ஏனென்றால் அவன் வெல்டர், பொறி பறக்கும். உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் தட்டினால் அம்மா. புள்ளி வைக்கிற வேலைக்குப் போன பிறகு மகள் வைத்த பெயர் அது. மகளுடைய பெயர் மட்டும் பழையது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் நுனி சேர்த்துக் காதுக்குக் கீழே வைத்து மெல்ல விரிக்கவேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கி எழுந்ததும் அது மூடின கையை அப்படித்தான் விரிக்கும். அதைப் பார்த்து அவள் வைத்த பெயர்.

வாசலில் பெல் அமுக்கினால் வீட்டுக்குள் பல்பு எரிகிற மாதிரி அவள் புருஷன் செய்து வைத்திருந்தான். அன்றைக்கு பல்பு எரிந்து, அவள் கதவைத் திறந்து, மகளின் பையை வாங்கக் கை நீட்டினாள். பை தோளைவிட்டு இறங்குவதற்குள் மகள் கையால் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்கு என்ன கை வந்துச்சு?"

இது தினப்படி விளையாட்டு. அன்றைக்குத் திரையில் பார்த்த கைகளை அவள் நடித்துக் காட்டவேண்டும். என்ன வேலை செய்கிற கை என்று மகள் கண்டுபிடிக்கவேண்டும். முதலில் பெயரைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும், அதுதான் சட்டம். அவள் கூப்பிட்டாள், பிறகு ஊசியில் நூல் கோக்கிற கையைக் காட்டினாள். மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பூட்டு திறக்குறாங்களா?"

"இல்ல."

"ஏதாவது தேய்க்கிறாங்களா?"

அவள் மறுபடியும் காட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. மகள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, உன் கை முணுமுணுக்குது. சரியாப் பேசு."

இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷன்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் அம்மா அவள் மணிக்கட்டில் விரலால் தட்டினார். கரண்ட் அடித்தது போல் விரல் நுனிவரைக்கும் சுண்டியது.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. இந்தக் கைக்கு ஓய்வு குடுக்கணும்."

"ஓய்வுன்னா எப்படி டாக்டர்?"

"வேலைய விடணும். விட முடியாதுன்னா செய்யற விதத்த மாத்தணும்."

"அப்படியே விட்டா?"

"பிடிமானம் போயிடும். இந்த மூணு விரலும் உங்க சொல்பேச்சுக் கேக்காது. அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் முழுசாத் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. இப்ப பண்ணிக்கிட்டாலும் கொஞ்ச நாளைக்கு மவுஸப் பிடிக்கக் கூடாது."

கொஞ்ச நாள் காலியாக இருக்கிற சீட்டு அந்த ஹாலில் கிடையாது. மறுநாளே வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார்.

"வேலை நேரம் போக, இந்தக் கைய முக்கியமா எதுக்கு உபயோகிப்பீங்க? துணி துவைக்கிறது, சமையல், அந்த மாதிரி?"

"பேசறதுக்கு," என்றாள்.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். அவள் புருஷன்தான் மகளைப் பற்றிச் சொன்னான். டாக்டர் மருந்துச் சீட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "டிராக்பால்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? மவுஸுக்குப் பதிலா. கை நகராது, உருண்டை மட்டும்தான் உருளும். அத வாங்கிப் பாருங்க. மவுஸத் தொடாதீங்க," என்றார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்றில் கட்டைவிரல் பக்கம் சின்ன உருண்டை. இன்னொன்றில் நடுவில், குழந்தைகள் பந்து அளவுக்குச் சிவப்பு உருண்டை.

"மவுஸ் ஊர் சுத்தும்மா. இது உக்காந்த எடத்துலயே வேலை பாக்கும்," என்றார்.

"எங்க மேஸ்திரி மாதிரி," என்றான் அவள் புருஷன்.

சின்ன உருண்டையை உருட்டிப் பார்த்தாள். கட்டைவிரல்தான் முழு பாரத்தையும் சுமந்தது. ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிற விரல். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியதன் மேல் கையைப் படுக்க வைத்தாள். விரல்களால் லேசாக வழித்துவிட்டதும் திரையிலிருந்த அம்புக்குறி பிய்த்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடிவிட்டது. இழுத்து வந்தாள், மறுபக்கம் ஓடியது. கடைக்காரர் சிரித்தார்.

"மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் தங்கச்சி. கட்டுக்கு அடங்காது. பழகிட்டீங்கன்னா மவுஸத் திரும்பிப் பாக்க மாட்டீங்க. ஆனா ஒண்ணு, வேகம் உடனே வராது. அதையும் சொல்லிடறேன், அப்புறம் என்னத் திட்டாதீங்க."

அவளுக்கு அந்த வார்த்தைதான் உறுத்தியது. வேகம் குறைந்தால் சீட்டு போகும், மவுஸைப் பிடித்தால் கை போகும். புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு கை பாத்துடலாம், எடு," என்றான். கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணே, பெருசையே குடுங்க," என்றான்.

அன்றைக்கே பட்டறையில் ஒரு தகரத்தை வளைத்து, மணிக்கட்டு தாழ்ந்து நிற்காத மாதிரி சரிவாக ஒரு தாங்கி செய்தான். கை படுகிற இடத்தில் பழைய செருப்பிலிருந்து வெட்டின ரப்பரை ஒட்டினான். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அவள் பழகினாள். பக்கத்தில் மகள் உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் நாளே அம்மாவைவிட மகள் நன்றாக ஓட்டினாள். உருண்டையை அடியிலிருந்து தள்ளினால் கழன்று வரும். உள்ளே சேர்ந்த அழுக்கை மகள் நகத்தால் சுரண்டி எடுத்து, பெரிய புதையல் கிடைத்தது போல் அப்பாவிடம் நீட்டினாள்.

"இது அம்மாவோட கை அழுக்கு. பத்திரமா வெச்சுக்கோ."

லீடரிடம் கேட்டபோது அவர் தாங்கியைத் தூக்கிப் பார்த்தார், உருண்டையை உருட்டிப் பார்த்தார்.

"எனக்கென்னம்மா, நீங்க எதுல வேணாலும் புள்ளி வைங்க. ஒரு நாளைக்கு இத்தன கைன்னு இருக்கற நம்பர் மட்டும் குறையாமப் பாத்துக்குங்க. அது என் தலையில விடியும்."

முதல் சில நாட்கள் குறையத்தான் செய்தது. அம்புக்குறி கணுவைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். வாயாடி தன் வேலையை முடித்துவிட்டு இவளுக்காகச் சீட்டைவிட்டு எழாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு எப்போது என்று தெரியாமல் கை வசப்பட்டது. உருண்டையை ஒரு சுண்டு சுண்டினால் அம்புக்குறி நேராகப் போய்க் கணுவில் நிற்கும். கட்டைவிரலுக்கு வேலை வைக்கவேண்டாம் என்று, புள்ளி அமுக்குவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கை உருட்டும், இடது கை கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கும். நம்பர் பழைய இடத்துக்கு வந்தது. லீடர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நல்லாத்தான் போகுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஒருநாள் சாயந்திரம் அவள் ஒரு கையைக் காட்டினாள். மகள் ஒரே பார்வையில், "முட்டை உடைக்கிறாங்க, அதுவும் ஒத்தக் கையால," என்றாள். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் சரி. குழந்தை தூங்காமல் இன்னும் இன்னும் என்று கேட்டது. கட்டிலில் படுத்திருந்த புருஷன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஏய், அம்மாவும் பொண்ணும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, காது கிழியுது," என்று விளக்கை அணைக்காத அந்த அறையில் கைகளை ஆட்டிச் சொன்னான். மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அவளுக்கு எத்தனையோ நாளைக்கு அப்புறம் மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, கையுறை மாட்டின கை ஒன்றுக்குப் பாதிப் புள்ளி வைத்திருந்தாள். திரை வெளுத்தது. நடுவில் எழுத்து வந்தது: 'இந்த இருக்கையில் மனிதச் செயல்பாடு இல்லை. தானியங்கி நிரல் எனச் சந்தேகம். கணக்கு நிறுத்தப்படுகிறது.'

அவள் அதை வாசித்துவிட்டு, 'இருக்கிறேன்' என்று அமுக்குகிற பட்டனைத் தேடினாள். அந்தப் பட்டனே இல்லை.

லீடர் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் கோழி கிளறின மாதிரி கோடு. இன்னொன்றில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு புள்ளி.

"இது வாயாடியோட அம்புக்குறி போன வழி. இது உங்களோடது. நேராப் போகுது, டக்குனு நிக்குது, அமுக்கும்போது துளிகூட ஆட மாட்டேங்குது. மனுஷக் கைன்னா ஆடுமாம். ஆடலன்னா புரோகிராம் எழுதி ஓட்டறாங்கன்னு அர்த்தமாம்."

"நான்தானே சார் உக்காந்து வெக்கிறேன். நீங்களே வந்து நின்னு பாத்தீங்க."

"எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியலயே."

"யாருகிட்டயாவது சொல்லுங்க சார். டாக்டர் சீட்டு இருக்கு, தரேன்."

"எழுதிட்டேன். எல்லாத்தையும் எழுதினேன்." அவர் சத்தத்தைக் குறைத்தார். "நான் அனுப்பிட்டுக் கைய எடுக்கறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. அதுவும் ஆள் எழுதினது இல்ல. அந்தப் பக்கம் மனுஷன் யாரும் இருக்கற மாதிரியே தெரியலம்மா."

ஒரு வழியாகக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். உருண்டையில் அவள் புள்ளி வைத்த கைகள் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். அவற்றை மனிதர் செய்யவில்லையாம்.

மதியம் கைகழுவுகிற இடத்தில் வாயாடி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அந்த சனியனுக்கு என்ன வேணும்? ஆடணும், அவ்வளவுதானே? ஆட்டுங்க. கண்ட பக்கம் ஓட்டிட்டு அப்புறம் போய் நில்லுங்க. குடிச்சுட்டு வீட்டுக்குப் போறவன் எப்படிப் போவான், அப்படி."

கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதையும் செய்தாள். நேராகப் போகத் தெரிந்த அம்புக்குறியை வேண்டுமென்றே வளைத்துக் கொண்டுபோனாள். கணுவுக்குப் பக்கத்தில் வந்ததும் விரலை நடுங்கவிட்டாள். அமுக்குகிறபோது உருண்டையை ஒரு தட்டுத் தட்டினாள். மனிதக் கை எப்படித் தடுமாறும் என்று யோசித்து யோசித்துத் தடுமாற வேண்டியிருந்தது. வேலை இரண்டு மடங்காகியது. ஓய்ந்திருந்த விரல்களில் சாயந்திரத்துக்குள் மறுபடி எறும்பு ஊர ஆரம்பித்தது. அப்படியும் சில நாட்கள்தான் ஓடின. திரை மறுபடியும் வெளுத்தது.

"இப்ப ஆடுது, ஆனா ஒரே மாதிரி ஆடுதாம்," என்றார் லீடர். சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. "இது கடைசித் தடவைன்னு போட்டிருக்கு. அவங்க சொல்ற மவுஸ் மட்டும்தான். இன்னொரு தரம் வந்துச்சுன்னா சீட்ட எடுத்துடுவாங்க. என்னையும் சேத்துக் கேப்பாங்க."

"மவுஸ எடக் கைல பிடிச்சுப் பாக்கட்டுமா சார்?"

பார்க்கவிட்டார். இடது கை எழுதப் பழகாத குழந்தை மாதிரி தவித்தது. நம்பர் பாதிக்குக் கீழே போனது. அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

வீட்டில் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினால் போதும், அவளுக்குத் தெரியாது. அப்படி நின்றுகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள்.

"விட்டுடு. மானங்கெட்ட வேலை," என்றான்.

"விட்டுட்டு?"

"வேற பாக்கலாம்."

"வேற எது வேன் வர்றதுக்குள்ள என்னை வீட்டுக்கு விடும்? நீங்க சொல்லுங்க, நாளைக்கே போறேன்."

வெல்டிங் வெளிச்சத்தில் நின்று நின்று அவன் கண் எப்போதும் சிவந்து, நீர் கோத்துக்கொண்டே இருக்கும். அதைத் துடைத்தான்.

"நான் வந்து நிக்கிறேன் வேனுக்கு."

"பட்டறைய அந்நேரத்துல போட்டுட்டு எத்தன நாள் வருவீங்க? போன தடவ ரெண்டு நாள் வந்தீங்க, மேஸ்திரி வேற ஆளக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாரு."

"அப்ப கை?"

"கை இன்னைக்கே போயிடாதுங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்கும்."

அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றைக்குத் தான் அங்கே இல்லாமல் போன அந்த லாரி ஹாரன் காதைவிட்டுப் போகவில்லை. அதைக் கேட்காத பிள்ளை அங்கே தலையைக் குனிந்து அழகாக எழுதிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் மேஜையில் இரண்டும் இருந்தன. தாங்கியின் மேல் சிவப்பு உருண்டை, பக்கத்தில் கம்பெனியின் கறுப்பு மவுஸ். லீடர் குனிந்து நின்று, வயர் செருகுகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எதச் செருகட்டும்மா?"

அவள் மவுஸின் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உருண்டையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தாங்கி பையில் நுழையவில்லை, அதைக் காலடியில் சாய்த்து வைத்தாள்.

முதல் கை வந்தது. அவள் மணிக்கட்டில் புள்ளி வைக்கப் போனாள். வலி முழங்கைவரைக்கும் ஏறியது. அம்புக்குறி தள்ளாடிக்கொண்டு போய், கணுவைச் சுற்றி நடுங்கி, அமுக்குகிறபோது ஒரு துள்ளு துள்ளியது. இன்னும் இரண்டு மூன்று கைகள் போயின. திரையின் மூலையில் பச்சை எழுத்து மின்னியது: 'சரிபார்ப்பு முடிந்தது. மனிதக் கை என உறுதி செய்யப்பட்டது. நன்றி.'

"பாத்தீங்களா, ஏத்துக்கிச்சு," என்றார் லீடர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாயாடி இந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மழைக்காலம் வந்து போனது. அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகிக்கொண்டாள். பட்டன் போடுவதைப் புருஷனிடம் விட்டாள். அவன் அவளுடைய சட்டைப் பட்டனைப் போட்டுவிடும்போது கேலி செய்வான், அவள் சிரிப்பாள், பிறகு இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஹாலில் அவள் நம்பர் குறையவில்லை. விரல் மரத்துப்போனாலும் மவுஸின் மேல் எடுத்து வைத்துவிட்டால் தோளிலிருந்து தள்ளிக்கொண்டு போக முடிந்தது. புள்ளி விழுந்தது. இயந்திரம் நன்றாகக் கற்றுக்கொள்கிறது என்று லீடர் சொன்னார். இப்போது அதற்கு ஊசியில் நூல் கோக்கிற கையைக்கூட அடையாளம் தெரிகிறதாம்.

அன்றைக்கு வேன் வருவதற்கு ரொம்ப முன்பே அவள் வாசலில் வந்து நின்றுவிட்டாள். மகள் இறங்கினாள். பையை இறக்கி வைக்கக்கூடப் பொறுமையில்லை.

"இன்னைக்கு என்ன கை வந்துச்சு?"

சட்டப்படி முதலில் பெயரைக் கூப்பிடவேண்டும். அவள் வலது கையைக் காதுக்குக் கீழே கொண்டுபோனாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் சொன்னபடி கேட்டன. மற்ற மூன்றும் தொங்கின. சேர்க்கப் பார்த்தாள், கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. இடது கையைத் தூக்கினாள். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அது இல்ல. என் பேர் இந்தக் கையிலதான் இருக்கு."

அவள் மறுபடி முயன்றாள். கண்ணில் நீர் முட்டியது. குழந்தை பையைக் கீழே வைத்துவிட்டு, வாசல்படியில் ஏறி அம்மாவின் உயரத்துக்கு நின்றுகொண்டது. அம்மாவின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தன் சின்ன விரல்களால் பிடித்து, நுனி சேர்த்து, காதுக்குக் கீழே வைத்தது. பிறகு ஒவ்வொரு விரலாக, மெதுவாகப் பிரித்து விரித்தது.

கூப்பிட்டாயிற்று என்பது போல மகள் கையை விட்டாள். விரல்கள் தொங்கிவிட்டன. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, விளையாட்டு ஆரம்பிக்கக் காத்திருந்தாள்.